ஒரே வழக்கு, ஒரே கொடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக இத்தனை வருடம் இருந்தேன்; இனி இருக்கப் போவதில்லை. முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மழை உண்டா, வெயில் உண்டா என்று விசாரித்துக்கொண்டே போய், சொல்ல வந்ததற்குத் தாளில் இடம் இல்லாமல் போய்விடும். நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் அப்படித்தானே.

என் உடம்புக்குக் குறைவில்லை. சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது. காலையில் பால் பண்ணைக்குப் போய், கேன் கேனாக வரும் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிட்டு மதியம் திரும்புகிறேன். தடயவியல் ஆய்வகத்தில் ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தவன் பால் பார்க்கிறேன். இது பதவி உயர்வா, இறக்கமா என்று அத்தானைக் கேட்டுச் சொல். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போன வாரம் ஒரு வக்கீல் பெண் என்னைத் தேடி வந்தார். சாவிக்கடைக்கு மேலே இருக்கும் இந்த அறைக்குப் படியேறி வந்த முதல் விருந்தாளி அவர்தான். பெயிண்டருக்காக மேல்முறையீடு நடத்துகிறாராம்.

எந்தப் பெயிண்டர் என்று நீ கேட்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கும் வரிசையாக வருகிறது. தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவரை அவர் படுக்கையிலேயே யாரோ குத்திக் கொன்றார்கள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் இவர். மறுநாள் காலை போதை தெளியாமல், மழையில் தொப்பலாக நனைந்து, பஸ் நிறுத்தத்தில் கிடந்தார். பார்த்த சாட்சி இல்லை. கத்தி கிடைக்கவில்லை. கைரேகை கிடைத்ததாம், வீட்டுக்கே பெயிண்ட் அடித்தவன் கைரேகை வீட்டில் இல்லாமல் ஆகாயத்திலா இருக்கும்? அவரை உள்ளே தள்ளியது ஒன்றே ஒன்றுதான். அவர் சட்டையில், செம்மண் நிற ரெட் ஆக்சைடு புள்ளிகளுக்கு நடுவே, கடுகளவில் சில ரத்தப் புள்ளிகள். அவை டீச்சரம்மாவின் ரத்தம் என்று சோதித்துச் சொன்னவன் நான். அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து. அந்தச் சோதனையில் இன்றைக்கும் எவரும் குறை சொல்ல முடியாது. அது அந்த அம்மாவின் ரத்தம்தான்.

ஆனால் அந்தச் சட்டையைக் கத்தரிப்பதற்கு முன் அதை நான் எங்கே பார்த்தேன் என்பது அறிக்கையில் இல்லை.

ஈரத் துணியை அப்படியே கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்து ரத்தம் கெட்டுவிடும். அதனால் முதலில் உலர்த்துவோம். அதற்கென்று ஆய்வகத்தில் இரண்டு அறைகள். பிரிவுத் தலைவரான கையோடு அத்தான் ஒரு விதி கொண்டுவந்தார்: ஒரு வழக்கின் துணி இன்னொரு வழக்கின் துணியோடு சேரக் கூடாது, ஒரு வழக்குக்கு ஓர் அறை. சுவரில் பெரிதாக எழுதியே மாட்டினார். நல்ல விதி. அது மழைக்காலம். ஓர் அறையில் வேறொரு வழக்கு. மற்ற அறைக் கதவை நான் திறந்தபோது, ஒரே நைலான் கொடியில் டீச்சரம்மாவின் போர்வை, ரத்தம் காய்ந்து தகரம் போல விறைத்துத் தொங்கியது. பக்கத்திலேயே சொட்டச் சொட்டப் பெயிண்டரின் சட்டை. மேலே ஃபேன் முழு வேகத்தில்.

நேராக அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஒரே கேஸ்தானேடா. வேற கேஸோட கலந்தாத்தானே தப்பு?" என்றார்.

காய்ந்த ரத்தம் பொடியாக உதிரும். ஈரத் துணியில் விழுந்தால் கரைந்து கறையாகும். கரைந்த பிறகு, அது தெறித்து வந்ததா, உதிர்ந்து வந்ததா என்று சொல்லும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை.

அத்தான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: இரண்டும் ஒரே அறையில் இருந்தன. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

மாடிப்படியில் கைப்பிடியை விடாதே.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியது வந்து நாளாகிவிட்டது. பதில் போட நினைக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை. முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். போட்டால் நடக்க முடியவில்லை, கழற்றினால் நிற்க முடியவில்லை. சமையலறைக் கூரை ஒழுகி, கொத்தனார் வந்து அடைத்து, இப்போது அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒழுகுகிறது. உனக்குச் சர்க்கரை அடங்கியிருப்பது சந்தோஷம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய்.

உன் அத்தான் நன்றாக இருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். ரிட்டயர் ஆனதிலிருந்து வீட்டில் துணி காயப்போடுவது அவர் வேலையாகிவிட்டது. நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். பின்பக்கம் இரண்டு கொடி கட்டியிருக்கிறார். ஒன்றில் அவர் துணி, ஒன்றில் என் துணி. நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். மழை நாளில் உள்ளே போட்டால் ஃபேன் போடக் கூடாது. நாலு நாள் ஆகட்டும், நாறட்டும், ஃபேன் மட்டும் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, உங்க வீட்டுல துணிகூடத் தனிக்குடித்தனம் போயிடுச்சா?" என்று சிரிக்கிறாள். வயதானால் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு.

நீ எழுதியதைப் படித்தேன். அவரிடம் காட்டவில்லை. அவர் உடம்பு அதைத் தாங்காது. உன்னை ஒரு பக்கமும் அவரை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம்தான் நடுவில் நிற்பது? அந்த ஆள் செய்தானா இல்லையா என்பது மேலே இருக்கிறவனுக்குத் தெரியும். நாம் அதில் தலையிட வேண்டாம்.

அடுத்த மாதம் இந்தப் பக்கம் வருகிறாயா? வந்தால் வாசல் கதவு நன்றாகத்தான் திறக்கும்.

உன் அக்கா


மார்ச் 24

அக்கா,

உன் கூரை, உன் முழங்கால் இரண்டும் சீக்கிரம் சரியாகட்டும். நான் சுகம்.

துணிக்கொடி பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கிறுக்கு என்கிறாய். உன் வீட்டுக்காரர் வாழ்நாளில் காரணமில்லாமல் ஒரு குண்டூசியைக்கூட இடம் மாற்றியவர் இல்லை. சுவரில் விதி எழுதி மாட்டியவர், இப்போது வீட்டுக்குள் வேறு விதி வைத்திருக்கிறார். அதைச் சுவரில் எழுதவில்லை, அவ்வளவுதான். நீ இதை எனக்கு ஏன் எழுதினாய் என்றும் யோசித்தேன். பொழுது போகாமல் எழுதினாயா, அல்லது நான் புரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதினாயா? நீ சொல்ல மாட்டாய். நானும் கேட்கவில்லை.

அவர் சாட்சி சொன்ன அன்று நான் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புள்ளிகள் சட்டையின் முன்பக்கம் இல்லை. தோளிலும் முதுகின் மேற்பகுதியிலும் இருந்தன. கொடியில் போட்ட சட்டையில் ஃபேனுக்கு நேராக இருப்பது எது? தோளும் முதுகும்தான். பெயிண்டரின் அப்போதைய வக்கீல், பாவம், தூங்கி வழிகிற ஆள், அவரே விழித்துக்கொண்டு கேட்டார்: முன்னால் நின்று குத்தினவன் முதுகில் ரத்தம் எப்படி வரும்? அத்தான் எழுந்து நின்று, கையில் கத்தி இருப்பது போலத் தலைக்கு மேலே ஓங்கிக் காட்டினார். "ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் கத்தியிலிருந்து ரத்தம் பின்னால் தெறிக்கும். அது தோளில் விழும்." கோர்ட்டே அவர் கையைப் பார்த்தது. மழையில் நனைந்த சட்டையில் புள்ளி ஏன் கலையவில்லை என்று கேட்டார்கள். காய்ந்த கறை மழையில் முழுசாகக் கரையாது என்றார். அதுவும் உண்மைதான். அதுதான் அக்கா எனக்கு வயிற்றெரிச்சல். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எந்தக் கேள்வி வந்தாலும் அதற்குப் பொருத்தமாக ஓர் உண்மை அவரிடம் இருந்தது.

அதற்கடுத்த மாதம் என்னைச் சாராயப் பிரிவுக்கு மாற்றினார். பாட்டில் பாட்டிலாக மோந்து பார்த்து என் மூக்கு செத்தது. எனக்கு வர வேண்டிய நாற்காலியில் என்னிடம் வேலை கற்றவன் உட்கார்ந்தான். நான் மேலே மேலே மனுப் போட்டேன். அதற்கு ஆய்வகத்தில் எனக்கு "மனுநீதி" என்று பெயர் வைத்தார்கள். மனுப் போட்டே நீதி கேட்கிறவனாம். அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் நீயும் சிரித்தாய்.

கடிதங்களை அவரிடம் கொடு.

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள மைத்துனருக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காவுக்கு முழங்கால் தவிர வேறு தொந்தரவு இல்லை.

உன் இரண்டு கடிதங்களையும் அவள் என்னிடம் கொடுத்தாள். எந்த அறையில் எந்தத் துணி தொங்கியது என்பது இத்தனை காலத்துக்குப் பிறகு என் நினைவில் இல்லை. சாட்சியை நான் என் அனுபவத்தைக் கொண்டு சொன்னேன். அந்த அனுபவத்தை நீயும் ஒரு காலத்தில் மதித்தாய்.

ஒன்றை யோசித்துப் பார்த்தாயா என்று தெரியவில்லை. நீ ஒரு சட்டையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு வழக்குக்கு ஓர் அறை என்ற விதி அந்த ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் போட்டது அல்ல. நான் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும் அது நடப்பில் இருந்தது. நான் இன்று கோர்ட்டில் ஏறி ஒரு வாக்கியம் சொன்னால், அது ஒரு கதவைத் திறக்காது. எல்லாக் கதவையும் திறக்கும். உள்ளே இருப்பவர்களில் உண்மையாகவே கழுத்தை அறுத்தவர்களும், குழந்தையைக் கொன்றவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பக்கத்தில் நீ குடியிருக்கத் தயாரா?

உன்னிடம் ஒரே கேள்வி. அந்த ஆள் கொலை செய்யவில்லை என்று உனக்குத் தெரியுமா? தெரியும் அல்லது தெரியாது என்று ஒரு வார்த்தையில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்


மே 2

அத்தானுக்கு,

நலமே. கேட்டதற்கு நன்றி.

தெரியாது.

ஒரு வார்த்தை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இனி என் பங்குக்குச் சில வார்த்தைகள். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நான் உங்களைக் கோர்ட்டில் சொல்லச் சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். அன்றைக்குக் கையை ஓங்கிக் காட்டினீர்களே, அப்போது "இப்படியும் இருக்கலாம், வேறு மாதிரியும் இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் உங்களை யாரும் சின்னவராக நினைத்திருக்க மாட்டார்கள். நான் உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்.

ஒரு சட்டை என்றுதான் உண்மையாகவே நினைத்திருந்தேன். நீங்கள் எழுதிய பிறகுதான் மற்றவை கண்ணில் படுகின்றன; உங்கள் விதிப்படி ஒவ்வொரு வழக்கிலும் செத்தவர் துணியும் பிடிபட்டவர் துணியும் ஒரே அறையில்தான் காய்ந்திருக்கும். சாராயப் பிரிவுக்கு நீங்கள் என்னைத் துரத்துவதற்கு முன்னால், அந்த இரண்டு அறைகளிலிருந்து வந்த துணிகளை எல்லாம் வெட்டிச் சோதித்தவன் நான். ரத்தம் இன்னாருடையது என்று ஒவ்வொரு அறிக்கையிலும் பளிச்சென்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து பண்ணையில் பால் அறிக்கையில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பேனா நின்று நின்று போகிறது.

கழுத்தை அறுத்தவன் பக்கத்து வீட்டில் குடியிருக்கத் தயாரா என்று கேட்டீர்கள். அறுக்காதவன் ஒருவன் அந்த அறைகளால் உள்ளே இருந்தால், அவன் பக்கத்தில் போய் நீங்கள் இருக்கத் தயாரா?

அக்காவின் முழங்காலுக்கு நல்ல டாக்டரைப் பாருங்கள். அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

மைத்துனன்


ஜூன் 11

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சௌகரியமாக இருக்கிறீர்களா? உங்கள் மாடிப்படியில் உடைந்திருந்த அந்த ஒரு படியைச் சாவிக்கடைக்காரர் சரிசெய்தாரா?

பிரமாண வாக்குமூலம் கொடுக்கத் தயார் என்று நீங்கள் தெரிவித்ததற்கு நன்றி. ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்னாள் தலைவர் மீது நீங்கள் கொடுத்த மனுக்கள் அத்தனையும் அரசுத் தரப்பில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. உங்கள் கையெழுத்தோடு இது வந்தால், பதவி கிடைக்காதவர் பழி தீர்க்கிறார் என்பார்கள். சட்டையை மறுபடி சோதிக்கவும் வழியில்லை. புள்ளிகள் இருந்த இடமெல்லாம் அன்றே வெட்டிச் சோதனையில் தீர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஓட்டைகள்தான். பகை இல்லாத ஒருவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர் முன்னாள் தலைவர் ஒருவரே.

இன்னொன்று. போன வாரம் பெயிண்டரைப் பார்த்தேன். தான் செய்யவில்லை என்று சொல்லும் கட்சிக்காரரைத்தான் நான் எப்போதும் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார். "லேப்ல சொல்லிட்டாங்கல்லம்மா. மெஷின் பொய் சொல்லுமா? குடிச்சிருந்தேன். நான்தான் செஞ்சிருப்பேன் போல, எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்கிறார். கிளம்பும்போது ஒன்று கேட்டார். "டீச்சரம்மா தினம் எனக்கு டீ போட்டுக் குடுப்பாங்க. அவங்கள எதுக்குக் குத்துனேன்னு மட்டும் யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும்."

விசாரணை ஆகஸ்ட் மாதம்.

வணக்கத்துடன்,
மேல்முறையீட்டு வக்கீல்


ஜூன் 16

அக்கா,

சுகமாக இருக்கிறேன், நீயும் இரு.

வக்கீலின் கடிதத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் அத்தானுக்குப் படித்துக் காட்டு. நான் எழுதியதை வேண்டாம். என்னைப் பற்றியும் பேச வேண்டாம். என் நாற்காலி, என் மனுக்கள் எல்லாவற்றையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். இனி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஒரு மனிதன் தன்னைக் கொலைகாரன் என்று நம்பிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவன் நம்புவது நம்மை. உன் வீட்டுக்காரரையும் என்னையும்.

வக்கீல் வேண்டாம் என்றாலும் நான் வாக்குமூலம் கொடுக்கத்தான் போகிறேன். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் வந்தால் என்னுடையதைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

நீ என்னிடம் ஒரு முறை வாயை மூடச் சொன்னாய், மூடினேன். அவரிடம் ஒரு முறை வாயைத் திறக்கச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? உன்னிடமிருந்து கடிதம் இல்லை, நானும் எழுதவில்லை. கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. மழையே நின்றுவிட்டது, அதனால்.

நீ அனுப்பியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். டீ போட்டுக் கொடுத்த வரி வரைக்கும் படித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வரவில்லை.

விசாரணை அன்று காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்லாமலே கிளம்பினார். நானும் கூடவே போனேன். எனக்கு உள்ளே ஒரு நம்பிக்கை இருந்தது தம்பி. வக்கீல் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். போர்வையும் சட்டையும் ஒரே கொடியில் இருந்தனவா என்று கேட்டாள். அவர் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொன்னார். அவள் இன்னும் ஒரு முறை கேட்டாள். அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றி அவரே துவைத்தார். ஒரு முறை அணிந்த சட்டைதான், அழுக்கே இல்லை. அதை இரண்டு கொடியிலும் போடாமல், நாற்காலி முதுகில் விரித்து மாடியில் தனியாகக் காயவைத்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதே. ஒன்றும் தெரியாது என்றும் நினைக்காதே. எனக்குப் போக வேறு வீடு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


செப்டம்பர் 22

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

நேற்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு தள்ளுபடி. ஆய்வக அறிக்கை சரியானது என்பதை அதை எழுதியவரே ஒப்புக்கொள்கிறார் என்றும், துணிகள் சேர்ந்து தொங்கின என்பது வெறும் ஊகம் என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வாக்குமூலத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். சொந்த அக்காவின் கணவர் மீதே இவ்வளவு பகை கொண்டவரின் சொல்லை நம்ப இயலாது என்று முடித்திருக்கிறார்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயிண்டரிடம் சொன்னேன். தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். கோர்ட்டில் கொடி, போர்வை என்று நாங்கள் பேசியது எதுவும் அவருக்குப் புரியவில்லை. அவரைக் காப்பாற்ற வக்கீல் கட்டிய கதை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். இனி என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உங்கள் நேரத்துக்கு நன்றி ஐயா.

வணக்கத்துடன்,
வக்கீல்


அக்டோபர் 6

பெயிண்டர் அவர்களுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். இதைச் சிறை அதிகாரி முதலில் பிரித்துப் படிப்பார். அவரும் சுகமாக இருக்கட்டும். உங்களிடம் கொடுத்தால் அதைவிடப் புண்ணியம்.

நான் உங்களுக்குத் தெரிந்தவன் இல்லை. உங்களை விடுவிக்கவும் இதை எழுதவில்லை. அதற்கான வழிகள் அடைபட்டுவிட்டன, அதில் ஒன்றை அடைத்தது என் கோபம். ஒரு விஷயத்தை உங்கள் வேலையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். கோர்ட்டில் சொன்னது உங்களுக்குப் புரியவில்லை என்றார்கள். புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை.

நீங்கள் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்து முடிக்கிறீர்கள். அது இன்னும் ஈரமாக இருக்கிறது. பக்கத்துச் சுவரை இன்னொருவர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். ஃபேன் ஓடுகிறது. சுவரின் தூள் வந்து உங்கள் கதவில் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. மறுநாள் வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார். கதவில் இருப்பது அந்தச் சுவரின் தூள்தான். சோதித்தால் அப்படித்தான் வரும், அதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்து, இந்தக் கதவுதான் போய்ச் சுவரில் உரசியது என்று அவர் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? சிரிப்பீர்கள்.

உங்கள் சட்டை மழையில் நனைந்து வந்தது. அந்த ஈரத்தோடு அதை டீச்சரம்மாவின் போர்வைக்குப் பக்கத்தில், ஒரே கொடியில், ஃபேனுக்குக் கீழே காயப்போட்டார்கள். இது வக்கீல் கட்டிய கதை இல்லை. கதவைத் திறந்து பார்த்த கண் ஒன்று உண்டு.

மெஷின் பொய் சொல்லாது என்று நீங்கள் சொன்னீர்களாம். சரிதான். மெஷினிடம் கேட்டது, இது யார் ரத்தம் என்று. அது சரியாகச் சொன்னது. எப்போது வந்தது, எப்படி வந்தது என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அதற்குத் தெரியாது. தெரியாததை மனிதர்கள் தங்கள் கையை ஓங்கிக் காட்டி நிரப்பினார்கள்.

நீங்கள் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. ஆறுதலாக ஒரு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அந்த அம்மாவை எதற்குக் குத்தினேன் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் யாரிடமும் இல்லை. அப்படி ஒன்று நடந்ததா என்பதே யாருக்கும் தெரியாது. ஞாபகத்தில் இருக்கும் அந்த வெற்றிடத்தில் எங்கள் அறிக்கையைக் கொண்டுபோய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். வெற்றிடமாகவே இருக்கட்டும். டீ போட்டுக் கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அது உங்களுடையது. அதில் யாருடைய தூளும் விழவில்லை.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். பேர் இல்லாத கடிதத்தை எவனும் மதிக்க மாட்டான் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் என்றால், அவர் என்னைவிட அதிகமாக மனுப் போட்டவராகத்தான் இருக்க வேண்டும். அப்படி யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் கையெழுத்து உங்கள் மேல் ஏற்கெனவே இரண்டு முறை விழுந்துவிட்டது. முதல் முறை அதை நம்பி உங்களை உள்ளே போட்டார்கள், நீங்களும் நம்பினீர்கள். இரண்டாம் முறை அதை நம்பாமல் உங்கள் கதவைச் சாத்தினார்கள். கையெழுத்தைப் பார்த்து நம்பியது போதும். இந்த ஒரு தாளையாவது, உள்ளே இருப்பதைப் படித்து, உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

உறையை ஒட்டிவிட்டு இறங்கப் போகிறேன். சாவிக்கடைக்குப் பக்கத்திலேயே தபால் பெட்டி இருக்கிறது. கையெழுத்துப் போடாமல்தான் போடுகிறேன்.